சந்தரும் சண்டரும்: ஒரு வாந்திச் சொல்லைப் பற்றிச் சில குறிப்புகள்

ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில் வாந்தி எடுப்பதற்கு 'சண்டர்' என்று ஒரு கொச்சைச் சொல் உண்டு. 'சட்னி'யில் வரும் ச-வைப் போட்டு, இடியைக் குறிக்கும் 'தண்டர்' மாதிரி முடிக்க வேண்டும். எல்லா வாந்திக்கும் சொல்லலாம்தான். ஆனால் அதிகம் புழங்குவது பியர் அளவு மீறிப் போன ராத்திரிக்கு. வினையாகவும் வரும், பெயராகவும் வரும். இப்போது பிரிட்டனில் கல்லூரிப் பிள்ளைகள் வாயிலும் சகஜம். 2010-இல் யூட்யூபில் பரவிய 'கேப் யா' என்ற கேலி வீடியோவைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் கட்டாயம் ஞாபகம் இருக்கும். பணக்கார வீட்டுப் பையன் ஒருவன் ஊர் ஊராகப் போய் வாந்தி எடுத்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே இருப்பான்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடினால் முதலில் கிடைப்பது ஒரு கப்பல் கதை. சுவாரஸ்யமான கதை, ஆனால் ஆதாரம் இல்லை. அதைத் தள்ளிவிட்டுப் போனால் ஒரு பூட் பாலிஷ் விளம்பரம் வரும். அதில் இந்தியப் பெயர் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதுவும் சாதாரணப் பெயர் இல்லை. நம் தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கும் பெயர். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

கப்பல் கதை

கதை இப்படிப் போகும். அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் போகிறார்கள். மாதக்கணக்கில் பயணம், எல்லாருக்கும் வயிறு கலக்குகிறது. மேல் தளத்தில் இருப்பவன் கக்குவதற்கு முன்னால் கீழே இருப்பவர்களை எச்சரிக்க 'வாட்ச் அண்டர்' என்று கத்துவான். 'கீழே பாத்துக்கோ' என்று அர்த்தம். 'வாட்ச் அண்டர்' நாளடைவில் தேய்ந்து 'ச் அண்டர்', பிறகு 'சண்டர்'. சில வடிவங்களில் கைதிகளை ஏற்றிப்போன கப்பல் என்றும் வரும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று இடங்களில் இடிக்கிறது.

முதலாவது, காலம். ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகள் கப்பலில் போனது 1788-இலிருந்து 1868 வரை. 'சண்டர்' என்ற வினைச்சொல்லுக்கு அகராதிகள் காட்டும் முதல் எழுத்துச் சான்று 1950. கடைசிக் கைதிக் கப்பலுக்கும் முதல் சான்றுக்கும் நடுவே 82 வருஷம். கொச்சைச் சொற்கள் எழுத்தில் ஏறத் தாமதமாகும் என்பது உண்மை. ஆனால் கடல் வாழ்க்கையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிக் குவித்திருக்கிறார்கள். கப்பலில் தினமும் கேட்டிருக்க வேண்டிய கூப்பாடு அந்தக் குவியலில் எங்காவது தலை காட்டியிருக்க வேண்டும்.

இரண்டாவது, நடைமுறை. குமட்டிக்கொண்டு வருகிறவனால் இரண்டு சொல்லைத் தெளிவாகக் கத்த முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். இந்த வகைக் கதைக்கு ஒரு அச்சு இருக்கிறது. 'பாஷ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் இதே மாதிரி ஒரு கப்பல் கதை சொல்வார்கள்: இந்தியா போகும்போது இடப்பக்க அறை, திரும்பும்போது வலப்பக்க அறை, பணக்காரர்களின் டிக்கெட்டில் அதன் நான்கு முதலெழுத்துகளை அச்சடித்தார்கள் என்று. அப்படி அச்சடித்த டிக்கெட் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அகராதிக்காரர்கள் அதை எப்போதோ கைவிட்டாகிவிட்டது. கப்பல், சுருக்கம், ஒரு நகைச்சுவைக் காட்சி மூன்றும் சேர்ந்தால் கதை பிரமாதமாக ஓடும். ஓடுவதற்கு ஆதாரம் தேவைப்படுவதில்லை.

இந்தக் கதைக்கு அச்சில் ஒரு முகவரியும் உண்டு. ஆஸ்திரேலிய நகைச்சுவைக் கலைஞர் பேரி ஹம்ஃப்ரீஸ் 1965-இல் லண்டனின் 'டைம்ஸ் இலக்கிய இணைப்பு' இதழில் எழுதும்போது 'வாட்ச் அண்டர்' விளக்கத்தைப் போகிற போக்கில் சொன்னார். அவர் தொழிலே முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கதை விடுவது. அவர் சொன்ன ஒன்றை வரலாற்று ஆவணமாக எடுத்துக்கொள்வது, வடிவேலு வசனத்தை வைத்து ஊர் வரலாறு எழுதுவதைப் போல.

பூட் பாலிஷ்

அகராதிகள் முன்வைக்கும் விளக்கம் வேறு. சிட்னியிலிருந்து வந்த 'புல்லட்டின்' வாரப் பத்திரிகையில் 1909 ஏப்ரலிலிருந்து சுமார் 1920 வரை 'கோப்ரா' பூட் பாலிஷுக்குக் கேலிச்சித்திர விளம்பரம் வந்தது. அதில் ஒரு கறுத்த ஆள் கதாநாயகன். கூடவே பாட்டு மாதிரி வரிகள். அந்த ஆளின் பெயர் 'சண்டர் லூ ஆஃப் அக்கிம் ஃபூ'. முதலில் வரைந்தவர் நார்மன் லிண்ட்சே. ஆஸ்திரேலியாவில் ரொம்பப் பிரபலமான ஓவியர். பின்னாளில் அவர் எழுதிய 'மேஜிக் புட்டிங்' (1918) அங்கே குழந்தை இலக்கியத்தில் செவ்வியல் நூல்.

சரி, பாலிஷிலிருந்து வாந்திக்கு எப்படிப் போனது? அதற்கு 'ரைமிங் ஸ்லாங்' என்ற விளையாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். லண்டன் தெருவில் பிறந்து ஆஸ்திரேலியாவுக்குப் போனது. ஒரு சொல்லைச் சொல்லாமல், அதோடு கடைசி ஓசை ஒத்துப்போகும் ஒரு தொடரைச் சொல்வது. நம் யாப்பிலக்கணத்தில் இயைபு என்கிறோமே, அது. 'ஸ்டேர்ஸ்' (மாடிப்படி) என்பதற்கு 'ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்'. பிறகு அடுத்த கட்டத்தில் இயைபு வரும் பாதியையே வெட்டிவிட்டு 'ஆப்பிள்ஸ்' என்று மட்டும் சொல்வது. புதிதாகக் கேட்பவனுக்கு ஒன்றும் விளங்காது, அதுதான் நோக்கம். அமெரிக்கனைக் குறிக்கும் 'யாங்க்' முதலில் 'செப்டிக் டேங்க்' ஆகி, பிறகு டேங்க் உதிர்ந்து, ஆஸ்திரேலியாவில் 'செப்போ' ஆனதும் இதே வழியில்தான்.

அதேபோல வாந்தி எடுப்பதைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் 'ஸ்ப்யூ'. அதற்கு இயைபு 'சண்டர் லூ'. லூ உதிர்ந்தால் மிச்சம் 'சண்டர்'. வழி சுத்தமாக இருக்கிறது. உச்சரிப்பில் எந்த இழுப்பும் தேவையில்லை. விளம்பரம் 10 வருஷத்துக்கு மேல் வந்ததால் பெயரும் ஊரறிந்த பெயர்.

இருந்தும் அகராதிக்காரர்கள் இதை 'அநேகமாக', 'ஒருவேளை' என்ற அடைமொழியோடுதான் தருகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

சந்தர்

அந்தப் பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். பழைய ஆங்கிலோ-இந்திய எழுத்துமுறையில் நம் குறில் அகரத்துக்கு 'யூ' எழுத்தைப் போடுவார்கள். நம் தேனி மாவட்டத்துக் கம்பம் ஆங்கிலத்தில் இரண்டு யூ போட்டு எழுதப்படுவது அதனால்தான். மடத்துக்கு அவர்கள் எழுதிய எழுத்தை அப்படியே படித்தால் 'மட்' என்று வரும். கடப்பா, பஞ்சாப், பண்டிட், சட்னி எல்லாம் இதே கணக்கு. ஆக சி, எச், யூ, என், டி, இ, ஆர் என்று எழுதினால் அந்தக் காலத்து வாசகர் படிக்க வேண்டியது 'சந்தர்'. அதாவது சந்திரன். வங்காளிகள் பெயரின் நடுவில் வருவது: கேசவ சந்திர சென், பங்கிம் சந்திர சட்டர்ஜி. 19ஆம் நூற்றாண்டு ஆங்கில அச்சில் இவர்கள் பெயர்கள் இந்த எழுத்தில்தான் வரும்.

எனக்குப் பிடித்த உதாரணம் ஜகதீஷ் சந்திர போஸ். ரேடியோ அலைகளைப் பிடிக்கும் கருவிக்கு 1904-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார், எண் 755840. குறைக்கடத்திக் கருவிக்குக் கிடைத்த மிகப் பழைய காப்புரிமைகளில் அது ஒன்று. அந்த ஆவணத்தில் அவர் பெயரின் நடுச்சொல் இதே ஏழு எழுத்துகள்தான். ஆஸ்திரேலிய விளம்பரத்துக்கு ஐந்து வருஷம் முந்தியது.

'அக்கிம் ஃபூ' வேறு கண்டம். இன்றைய கானாவில் 'அக்கிம்' என்பது ஓர் இனக்குழுவின் பெயர், நாட்டின் பெயர். அவர்கள் மொழியில் மக்களைக் குறிக்கும் விகுதி 'ஃபோ'. நம் 'அர்' விகுதி மாதிரி. 1873–74 அசாந்தி போரைப் பற்றி ஆங்கிலேய ராணுவ அதிகாரி பட்லர் எழுதிய புத்தகத்தின் தலைப்பே 'அக்கிம்-ஃபூ: ஒரு தோல்வியின் வரலாறு' (1875). ஆக விளம்பரத்து ஆளுக்குத் தலை வங்காளத்தில், வால் மேற்கு ஆப்பிரிக்காவில். பாலிஷின் பெயர் இந்தியக் காட்டை ஞாபகப்படுத்தும் நாகப்பாம்பு. கறுப்பாக, வேடிக்கையாக, தூர தேசமாக இருந்தால் போதும். எந்த தேசம் என்பது வரைந்தவருக்கும் வாசகருக்கும் பொருட்டில்லை.

இது வெளிவந்த பத்திரிகையைப் பற்றியும் ஒரு தகவல். 'புல்லட்டின்' முகப்பில் 1908 முதல் அச்சிட்ட கொள்கை வாசகத்தின் பொருள், ஆஸ்திரேலியா வெள்ளைக்காரனுக்கே என்பது. அதை எடுத்தது 1960-இல், டொனால்ட் ஹார்ன் ஆசிரியராக வந்த பிறகு. 1901-இல் வந்த குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் எழுத்துத் தேர்வு என்று ஒன்று உண்டு. ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் 50 சொற்களைச் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். எந்த மொழி என்பதை அதிகாரி முடிவு செய்வார். வேண்டாதவனைத் தோற்கடிக்கவே வைத்த தேர்வு. அசல் சந்தர் ஒருவர் சிட்னித் துறைமுகத்தில் இறங்கி வாழ முடியாத அந்த வருஷங்களில்தான், காகிதச் சந்தர் ஒருவர் வாராவாரம் அந்த ஊர் வீடுகளுக்குள் போய் செருப்பு துடைத்துக்கொண்டிருந்தார்.

நடுவில் ஒரு பள்ளம்

இந்த இடத்தில் நம்மாளுங்க பலர் பதிவை முடித்துவிடுவார்கள்: 'இந்தியன் பெயரை வாந்தி ஆக்கிய வெள்ளையர்கள்' என்று தலைப்புப் போட்டால் பகிர்வு பிய்த்துக்கொண்டு போகும். நான் அதைச் செய்ய மாட்டேன். கப்பல் கதைக்கு வைத்த அளவுகோலை இதற்கும் வைக்க வேண்டும், இல்லையா?

வைத்துப் பார்த்தால் பள்ளம் தெரிகிறது. விளம்பரம் நின்றது சுமார் 1920. வினைச்சொல் எழுத்தில் வருவது 1950. நடுவில் 30 வருஷம். 'சண்டர் லூ' என்ற முழுத் தொடர் வாந்தி என்ற பொருளில் புழங்கியதற்குச் சமகாலச் சான்று இருந்தால் பள்ளத்தின் மேல் பாலம் விழுந்துவிடும். அந்தப் பாலம் இல்லாததால்தான் அகராதியில் 'அநேகமாக'. லாக் ஃபைலில் முதல் வரியும் கடைசி வரியும் இருக்கிறது, நடுவில் காணோம். பிழை எங்கே என்று ஊகிக்கலாம், சத்தியம் செய்ய முடியாது.

போட்டி விளக்கமும் ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் வட்டார வழக்கில் முணுமுணுப்பது, புலம்புவது என்ற பொருளில் 'சண்ட்டர்' போன்ற ஓசையுள்ள சொற்கள் உண்டு. இங்கிலாந்தின் வடக்கே இன்றும் பேச்சில் இருப்பவை. அதிலிருந்து இது வந்திருக்கலாம் என்று ஆஸ்திரேலிய தேசிய அகராதியை நடத்தும் கான்பெரா ஆய்வாளர்களே சொல்கிறார்கள். ஓசை பொருந்துகிறது. பொருள்தான் ஒரு தாவு தாவ வேண்டும்: வாய்க்குள் முனகுவதிலிருந்து வயிறு முனகுவதற்கு. முடியாத தாவல் இல்லை. ஒலிக்குறிப்புச் சொற்கள் அப்படித் தாவுவது உண்டு.

அந்த முதல் சான்றையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நெவில் ஷூட் எழுதிய 'எ டவுன் லைக் ஆலிஸ்' நாவல், 1950. ஷூட் தொழிலால் விமானப் பொறியாளர், ஆர்100 ஆகாயக் கப்பலில் வேலை செய்தவர். நாவலின் முன்பாதி நடப்பது மலாயாவில், இரண்டாம் உலகப் போரில். ஜப்பானியரிடம் கைதியாக இருக்கும் ஆஸ்திரேலியப் பாத்திரத்தின் பேச்சில் சொல் வருகிறது. கடைசி ரகரம் இல்லாமல் 'சண்டா' என்று எழுதியிருக்கிறார். இரண்டு விஷயம் கவனிக்கலாம். ஒன்று, அங்கே யாரும் வாந்தி எடுக்கவில்லை. ஜப்பானியர் நடந்துகொள்ளும் விதம் குமட்டலாக இருக்கிறது என்று உருவகமாகச் சொல்கிறான். உருவகமாகச் சொல்ல வேண்டும் என்றால் நேர்ப்பொருள் அதற்கு முன்பே கேட்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆக 1950 என்பது சொல் பிறந்த நாள் இல்லை, பிடிபட்ட நாள். இரண்டு, ரகரம் இல்லாத எழுத்து. ஆஸ்திரேலிய நாக்கில் கடைசி ரகரம் ஒலிக்காது. ஷூட் காதால் கேட்டதை எழுதியிருக்கிறார், விளம்பரத்தைப் பார்த்து எழுதவில்லை. அவர் 1948–49-இல் தன் சொந்த விமானத்தை ஓட்டிக்கொண்டு ஆஸ்திரேலியா முழுக்கச் சுற்றியவர். காதில் விழ நிறைய வாய்ப்பு இருந்தது.

என் தீர்ப்பு இது: கப்பல் கதைக்கு நூற்றுக்குப் பூஜ்யம். முணுமுணுப்புக் கதை நடக்கக்கூடியது. பாலிஷ் கதைதான் மூன்றில் பலமானது, பள்ளத்தோடு. விளம்பரம் இனவெறி மண்ணில் முளைத்தது என்பதற்கு பள்ளமே இல்லை, ஆவணம் கையில் இருக்கிறது. ஆனால் சொல்லை உண்டாக்கியவன் இந்தியரை இழிவுபடுத்த நினைத்தான் என்று சொல்ல முடியாது. பாலிஷ் கதை சரி என்றே வைத்துக்கொண்டாலும், அவனுக்குத் தேவைப்பட்டது 'ஊ' என்று முடியும் ஒரு பெயர். இழிவு நடந்தது அதற்கு முந்தின கட்டத்தில், ஒரு மக்களின் பெயரை பாலிஷ் டப்பாவில் ஒட்டியபோது. இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்துப் பேசுவதுதான் நேர்மை.

கேலி கொடியான கதை

அதற்கப்புறம் இந்தச் சொல்லுக்கு நடந்ததுதான் வேடிக்கை. 1964-இல் லண்டனின் 'பிரைவேட் ஐ' கேலி இதழில் பேரி ஹம்ஃப்ரீஸ் வசனம் எழுத, நிக்கோலஸ் கார்லண்ட் வரைய, 'பேரி மெக்கன்ஸி' என்ற படக்கதை தொடங்கியது. லண்டனுக்கு வந்த முரட்டு ஆஸ்திரேலியன், கையில் எப்போதும் பியர். வாந்திக்கு அவனிடம் ஒரு நிகண்டே உண்டு: 'டெக்னிகலர் கொட்டாவி', 'திரவச் சிரிப்பு' என்றெல்லாம். அதில் அவன் செல்லச் சொல் சண்டர். இந்தச் சொல் ஆஸ்திரேலியாவில் அப்படியொன்றும் பரவலாக இல்லை, விக்டோரியா மாநிலத்தின் பணக்காரப் பள்ளிகளில் பத்து வருஷத்துக்கு முன்னால் கேட்டது என்று அதே 1965 கட்டுரையில் ஹம்ஃப்ரீஸ் சொல்லியிருந்தார். அதாவது, பாமர ஆஸ்திரேலியனின் சொல் என்று உலகம் நினைப்பது, அவர் சாட்சியப்படி, கட்டணப் பள்ளிப் பையன்களின் குழூஉக்குறி.

படக்கதை ஆஸ்திரேலியர்களை நக்கல் செய்ய எழுதியது. புத்தகமாக வந்ததை ஆஸ்திரேலிய அரசு தடை செய்தது. ஆனால் 1972-இல் அதே கதை அரசுப் பணத்தில் சினிமாவானது, கூட்டமும் வந்தது. 1974-இல் வந்த இரண்டாம் பாகத்தில் பிரதமர் காஃப் விட்லம் தானாகவே நடித்தார். வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கைக்கு முந்தின வருஷம் முடிவு கட்டியதும் அவர் அரசுதான்.

1981-இல் மெல்போர்ன் இசைக்குழு 'மென் அட் வொர்க்' வெளியிட்ட 'டவுன் அண்டர்' பாட்டின் பல்லவியில் இந்தச் சொல் ஏறியது. அமெரிக்கா, பிரிட்டன் இரண்டிலும் 1983-இல் முதலிடம். நாட்டை விற்றுப் பணமாக்குவதை, அதன் ஆன்மா தொலைவதைப் பற்றித்தான் எழுதினேன், கொடி ஆட்டுவதற்கு இல்லை என்று பாடகர் காலின் ஹே பலமுறை சொல்லியிருக்கிறார். யார் கேட்டார்கள்? அதே 1983-இல் ஆஸ்திரேலியப் படகு அமெரிக்கா கோப்பையை வென்றபோது அதுதான் வெற்றிப் பாட்டு.

என் விமர்சனம் இந்த இடத்தில்தான். இரண்டு முறை இந்தச் சொல்லைக் கலைஞர்கள் கேலிக்காக எடுத்தார்கள். இரண்டு முறையும் கேலிக்கு ஆளானவர்களே அதைப் பெருமையாக நெஞ்சில் குத்திக்கொண்டார்கள். அப்படிக் கொடியான ஒரு சொல்லுக்கு, கொடிக்குத் தகுந்த மாதிரி ஒரு பிறப்புக் கதையும் தேவைப்படும். கடல், கஷ்டம், கைதி மூதாதையர், அந்த நிலையிலும் நகைச்சுவை. 'வாட்ச் அண்டர்' அப்படித் தைத்த சட்டை. பூட் பாலிஷ் கறுப்பனின் பெயர் அந்த இடத்தில் உட்கார முடியாது. பொய்யான கதை நிலைத்து நிற்பதற்கு அது நன்றாக இருப்பது மட்டும் காரணமில்லை. மெய்யாக இருக்கக்கூடிய கதை சங்கடமாக இருப்பதும் காரணம்.

ஒரு கேள்வி

இதையெல்லாம் நான் தோண்ட ஆரம்பித்ததற்கு ஆபீஸில் கூட வேலை செய்த கொல்கத்தா நண்பர் ஒருவர் காரணம். மெல்போர்னுக்குக் குடிபோனார். பையன் பிறந்தபோது தாத்தாவின் பெயரை நடுப்பெயராக வைக்க ஆசை, அதுவும் தாத்தா கையெழுத்துப் போட்ட பழைய எழுத்திலேயே. அங்கே தெரிந்தவர்கள் 'வேண்டாம், பள்ளிக்கூடத்தில் பையனை ஓட்டியே கொன்றுவிடுவார்கள்' என்றார்களாம். 'நீதான் சொல்லாராய்ச்சி பண்றவனாச்சே, என்ன சொல்ற?' என்று எனக்கு எழுதினார்.

சொல்லாராய்ச்சியால் ஒரு குழந்தையைப் பள்ளி மைதானத்தில் காப்பாற்ற முடியாது. பத்து வயசுப் பையன்கள் காப்புரிமை ஆவணம் படிப்பதில்லை. அதனால் 'ஏ' போட்டு எழுதுங்கள் என்றுதான் சொன்னேன், உச்சரிப்புக்கும் அதுதான் நெருக்கம். ஆனால் கூடவே போஸின் 1904 காப்புரிமையின் முதல் பக்கத்தையும் அனுப்பினேன். பையன் பெரியவனாகி, தாத்தாவின் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தால், அப்போது காட்டட்டும். அச்சில் முதலில் வந்தது மனிதனின் பெயர், அதுவும் ஒரு விஞ்ஞானியின் பெயர். வாந்தி எழுத்தில் ஏறியது அதற்கு 46 வருஷம் கழித்து.

நம் பக்கம்

ஓசை ஒற்றுமையை நம்பக் கூடாது என்று இவ்வளவு நேரம் சொன்னேன். நம்ப வேண்டிய இடமும் ஒன்று இருக்கிறது. நம் 'வாந்தி'யும் ஆங்கில 'வாமிட்'டும் கேட்க ஒன்று போலவே இருக்கும். அது தற்செயல் இல்லை. சமஸ்கிருத 'வம்' வேரும் லத்தீன் 'வோமெரே'யும் ஒரே மூலம். சித்த, ஆயுர்வேத வமனமும் அதே வேர்தான். இதை நம்பலாம், ஏனென்றால் நூற்றுக்கணக்கான சொற்களில் அதே ஒலி ஒழுங்கு திரும்பத் திரும்ப வருகிறது. ஒற்றைக் கதை வேறு, ஒழுங்கு வேறு. இலங்கைத் தமிழர் சொல்லும் 'சத்தி' இன்னொரு சமஸ்கிருதச் சொல்லான 'சர்தி'யிலிருந்து வந்தது, மலையாளத்திலும் அதுதான் பொதுச்சொல். கக்கு, உமிழ், குமட்டு, ஓங்காளி எல்லாம் நம்முடையவை.

காஞ்சியில் பல்லவர் காலத்தில் வாழ்ந்த தண்டி தன் 'காவியாதரிச'த்தில் இதற்கு ஒரு விதியே எழுதியிருக்கிறார். துப்புவது, கக்குவது, வாந்தி எடுப்பது போன்ற சொற்கள் உருவகமாக வந்தால் மிக அழகு, நேர்ப்பொருளில் வந்தால் கொச்சை என்பது அதன் சாரம். நாமும் அப்படித்தான் பேசுகிறோம். எரிமலை நெருப்பைக் கக்கும், அதைப் பாடப் புத்தகத்தில் போடலாம். பரீட்சையில் மனப்பாடத்தை வாந்தி எடுப்பதைக்கூட மேடையில் சொல்லலாம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எடுத்ததைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னால்தான் அடி விழும். நெவில் ஷூட்டின் 'சண்டா' தண்டியிடம் பாஸ் ஆகிவிடும், பேரி மெக்கன்ஸி ஃபெயில்.

நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாகப் பிரிக்கும். அசிங்கத்தை மறைத்துச் சொல்வது முதலாவது, கூட்டத்துக்குள் மட்டும் புரிய வைப்பது மூன்றாவது. வாந்திக் கொச்சைகள் மூன்றாவதில்தான் சேரும். மறைப்பது அவற்றின் வேலை இல்லை. தமிழ்நாட்டில் குடித்துவிட்டு எடுப்பதற்கு 'ஆஃப்பாயில் போட்டுட்டான்' என்கிறோம், 'ஆம்லேட்' என்பதும் உண்டு. தட்டில் பரவிய மஞ்சள் கரு கண் முன்னால் வந்துவிடும். இதில் எங்கே மறைப்பு? மலையாளிகள் 'வாள் வைத்தான்' என்பார்கள். போரில் தோற்றவன் வாளைக் கீழே வைக்கிற மாதிரியா, வேறா என்று ஆளுக்கொரு விளக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது.

கவலையும் அதுதான். 'ஆஃப்பாயில்' ஏன் வந்தது என்று இன்று யாருக்கும் விளக்க வேண்டாம். தள்ளுவண்டிக் கடையில் உடையாத மஞ்சள் கருவோடு அது தட்டில் வருகிற வரை எல்லாருக்கும் தெரியும். அந்தப் பண்டம் ஒருநாள் வழக்கொழிந்து போனால்? ஐம்பது வருஷம் கழித்து யாராவது 'ஆப்பு', 'ஆயில்' என்று பிரித்து, வெள்ளைக்காரன் கப்பலில் தமிழ்க் கூலிகள் எண்ணெய் குடித்த கதை ஒன்றை எழுதுவார்கள். அது பகிரப்படும், பாடப்புத்தகத்துக்கும் போகலாம். கொச்சை என்று நம் அகராதிகள் ஒதுக்கிய சொல்லுக்கு எழுத்துச் சான்று இருக்காது, மறுக்கவும் வழி இருக்காது.

அதனால் சின்னதாக ஒரு வேலை. உங்கள் ஊரில், உங்கள் ஹாஸ்டலில், உங்கள் டீக்கடையில் இதற்கு என்ன சொல் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். கூடவே எந்த வருஷம், எந்த ஊர், யார் சொல்லக் கேட்டது என்பதையும். 1930-இல் சிட்னியில் யாராவது ஒருவர் தன் டைரியில் அப்படி ஒரு வரி எழுதி வைத்திருந்தால், அகராதியில் அந்த 'அநேகமாக' இருந்திருக்காது.